மாத்திரை, ஸ்ப்ரே எதுக்கும் அடங்காத மூக்கடைப்பு: லேசர் பண்ணிக்கலாமா?

பட்டுக்கூடு_பாலக்கோடு

எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் கிராமம். மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்க்கற மனை ஒண்ணும் வச்சிருக்கேன். வயசு 38. மூக்குத் தொந்தரவு கல்யாணத்துக்கு முன்னாடியே உண்டு, ஆனா இப்ப நாலஞ்சு வருஷமா தாங்க முடியல. காலையில எழுந்ததும் தும்மல் வரிசை கட்டும். பகல்ல தண்ணியா ஒழுகும். ராத்திரி அடைப்பு. வலது பக்கம் சாஞ்சு படுத்தா வலது மூக்கு அடைக்குது, இந்தப் பக்கம் திரும்பினா இது அடைக்குது. வாயைத் திறந்துக்கிட்டே தூங்கி, விடிகாலையில தொண்டை காஞ்சு முழிப்பு வந்துடும். குழம்பு தாளிக்கிற வாசனைகூட இப்பல்லாம் சரியாத் தெரியறதில்ல.

இதுவரைக்கும் பார்த்தது: லெவோசிட்ரிசினும் மான்டிலுகாஸ்டும் சேர்ந்த மாத்திரை, ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே, அடைப்புக்குச் சொட்டு மருந்து, நொச்சி இலை ஆவி, நெத்தியில நீர்க்கோவை மாத்திரை உரைச்சுப் பத்து. எங்க பெரியம்மா இது பீனிசம்தான்னு ஒரு தைலம் வேற வாங்கிக் கொடுத்தாங்க.

போன மாசம் சேலத்துல ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். கேமரா விட்டுப் பார்த்துட்டு, "ரெண்டு பக்கமும் மூக்குச் சதை வீங்கியிருக்கு. மருந்துக்குக் கேட்காத கேஸ். லேசர்ல சுருக்கிடலாம், காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்"ன்னாங்க. நாற்பதாயிரத்துக்கு மேல ஆகும் போல. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். இதோட தீருமா, இல்ல திரும்ப வருமா? பண்ணிக்கிட்டவங்க யாராவது இருந்தா உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

அரூர்க்காரன்

நான் பண்ணிக்கிட்டவன்தான் சகோ. பண்ணி சில வருஷம் ஆச்சு. தைரியமாப் பண்ணுங்க. மரத்துப் போற மருந்துல பஞ்சை நனைச்சு மூக்குக்குள்ள வச்சாங்க, கொஞ்ச நேரத்துல பல்லு, மேல் உதடெல்லாம் மரத்துப் போச்சு. லேசர் வச்சப்ப வலி இல்ல, சுடற மாதிரி ஒரு உணர்வு, முடி கருகின வாடை, அவ்வளவுதான். அன்னிக்கே பஸ் ஏறி ஊருக்கு வந்துட்டேன்.

முதல் வாரம் மட்டும் பழசை விட மோசமா அடைக்கும், பயந்துடாதீங்க. உள்ள பொருக்கு கட்டும், உப்புத் தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டே இருக்கணும், விரலை விட்டு நோண்டக் கூடாது. அதெல்லாம் உதிர்ந்த பிறகு ஒரு நாள் ராத்திரி வாயை மூடித் தூங்கினேன் பாருங்க, சொர்க்கம்.

தும்மல் மட்டும் இன்னும் இருக்கு. அதுக்கு மாத்திரை போட்டுக்கறேன்.

தேன்கனி_மலர்

அரூர் அண்ணன் கடைசி வரியில போகிற போக்குல சொன்னதைக் கொஞ்சம் நின்னு படிங்க. "தும்மல் மட்டும் இன்னும் இருக்கு."

நானும் பண்ணிக்கிட்டவதான். தேன்கனிக்கோட்டைக்கிட்ட பசுமைக்குடில்ல ஜெர்பரா, ரோஜா வேலை. நகரத்துல ஒரு கிளினிக், பேர் வேண்டாம். போன அன்னிக்கே "லேசர்"ன்னு எழுதிட்டாங்க. எதனால அலர்ஜின்னு ஒரு டெஸ்ட் இல்ல, ஸ்கேன் இல்ல. ஒரு வருஷம் நல்லா இருந்துச்சு, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். வேற டாக்டர்கிட்ட போனா, "நடு எலும்பு ஒரு பக்கமா வளைஞ்சிருக்கே, இதை யாரும் சொல்லலையா?"ன்னு கேட்கறார். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! பணம் கட்டறப்ப சிரிச்சுப் பேசினவங்க, திரும்பப் போனப்ப "உங்க உடம்பு வாகு அப்படி"ன்னுட்டாங்க.

பண்ணாதீங்கன்னு சொல்லல. முதல்ல எதனால வருதுன்னு பாருங்கன்னு சொல்றேன்.

மொரப்பூர்_தாத்தா

எதற்கு இவ்வளவு செலவு? தினமும் படுக்கப் போகும்போது மூக்கில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடவும். எங்கள் காலத்தில் லேசர் எங்கே இருந்தது?

மருந்துக்கடை_காவேரிப்பட்டினம்

ஐயா, கோவிச்சுக்காதீங்க. ராத்திரி படுக்கையில தினமும் எண்ணெய் விட்டா அது கொஞ்சம் கொஞ்சமா நுரையீரலுக்கு இறங்கும். எண்ணெயை நுரையீரல் வெளியேத்தத் தெரியாம தவிக்கும், அதனாலயே நிமோனியா மாதிரி வரும். உப்புத் தண்ணி எவ்வளவோ மேல். அதுவும் கொதிச்சு ஆறின தண்ணியா இருக்கணும். குழாய்த் தண்ணியை, கிணத்துத் தண்ணியை அப்படியே மூக்குக்குள்ள விடக் கூடாது. மூக்கு வழியா மூளைக்கு ஏறுற அமீபா இருக்கு.

பாலக்கோடு அண்ணா, ஒரே ஒரு கேள்வி. "அடைப்புக்குச் சொட்டு மருந்து"ன்னு எழுதியிருக்கீங்களே, அது எது? எத்தனை நாளா?

பட்டுக்கூடு_பாலக்கோடு

சைலோமெட்டாசோலின்னு போட்டிருக்குங்க. போட்ட ரெண்டாவது நிமிஷம் மூக்கு திறந்துடும். நாளைக்கு ஒரு தடவைதான், ராத்திரி மட்டும். ரெண்டு வருஷத்துக்கு மேலயே இருக்கும். அது தலைமாட்டுல இல்லாட்டி தூக்கமே வராது. வெளியூர் போனாலும் சட்டைப் பையில ஒண்ணு இருக்கும்.

மருந்துக்கடை_காவேரிப்பட்டினம்

அதாங்க விஷயம். எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் சீட்டே இல்லாம "அந்த மூக்குச் சொட்டு ஒண்ணு"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. அஞ்சு நாள், மிஞ்சிப் போனா ஒரு வாரம். அதுக்கு மேல போடற மருந்தே இல்ல அது. ரத்தக் குழாயை இறுக்கி வீக்கத்தை அமுக்குது. இறுக்கம் விட்டதும் முன்னைவிட அதிகமா வீங்கும். திரும்பப் போடுவீங்க, திரும்ப வீங்கும். இப்ப உங்க அடைப்புல அலர்ஜி எவ்வளவு, சொட்டு மருந்து எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. சேலத்து டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?

பட்டுக்கூடு_பாலக்கோடு

அவங்க கேட்கல, நானும் சொல்லலங்க. ஸ்ப்ரே போடறேன்னு மட்டும் சொன்னேன். ஸ்ப்ரேயும் அடைப்பு அதிகமா இருக்கற அன்னிக்கு மட்டும்தான், மத்த நாள் போடறதில்ல.

காது_மூக்கு_தொண்டை

நான் ஈ.என்.டி. மருத்துவர். இந்த இழை போகிற திசை நன்றாக இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் யாருக்கும் சிகிச்சை சொல்லவில்லை.

மூக்கின் பக்கச் சுவரில், ஒரு பக்கத்துக்கு மூன்றாக, சுருள் எலும்புகள் உண்டு. டர்பினேட் என்போம். அடியில் இருப்பதுதான் பெரியது. அதைப் போர்த்திய சவ்வுக்குள் ரத்தம் நிரம்பி வடியும் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடித்து வைப்பது இதன் வேலை. நல்ல மூக்கிலும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் வடியும். நாம் உணர்வதில்லை. அலர்ஜி உள்ளவர்களுக்கு வடியும் பக்கமும் பாதி வீங்கியே இருப்பதால், புரண்டு படுக்கும்போதெல்லாம் அடைப்பு பக்கம் மாறுவது தெரியும். பாலக்கோடு நண்பர் சொன்னது அச்சு அசலாக இதுதான். இந்த வீக்கத்தையும் "சதை" என்கிறார்கள், தனிக் கட்டியாக வளரும் பாலிப்பையும் "சதை" என்கிறார்கள். இரண்டும் வேறு, வைத்தியமும் வேறு. உங்கள் ரிப்போர்ட்டில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

லேசர் அந்தச் சவ்வைச் சுடுகிறது. ஆறும்போது உள்ளே தழும்பு விழுந்து, சவ்வு முன்போல் ஊதிப் பெருக்க முடியாமல் போகிறது. நீர் சுரக்கும் சுரப்பிகள் சிலவும் அழிகின்றன. புதிய விஷயம் இல்லை. 1977-லேயே ஜெர்மனியில் ஆர்கான் லேசரை வைத்துச் செய்து எழுதியிருக்கிறார்கள். இன்று புழக்கத்தில் இருப்பவற்றில் கார்பன் டை ஆக்சைடு லேசர் (அலை நீளம் 10,600 நானோமீட்டர்) தண்ணீரில் உடனே உறிஞ்சப்படுவதால் மேலோட்டமாகவே சுடும். டயோடு லேசர் (980 அல்லது 810) மெல்லிய இழை வழியாக மூக்கின் பின்பகுதி வரை போகும், ஆழமாகவும் சுடும். ஆழம் கூடினால் எலும்பு வரை சூடு இறங்கும் ஆபத்தும் கூடும். கே.டி.பி. பச்சை லேசர் (532) ரத்தக் குழாய்களை நன்றாகப் பிடிக்கும். எந்தக் கருவி என்பதைவிட யார் கையில் இருக்கிறது என்பதே பெரிது.

அடைப்புக்கு லேசர் நல்ல பலன் தரும். ஒழுகலுக்கு ஓரளவு. தும்மல், அரிப்புக்கு அதைவிடக் குறைவு. அலர்ஜி என்பது உடம்பின் எதிர்ப்பு மண்டலம் தூசியைப் பகையாகப் பார்ப்பது, ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளும் ஹிஸ்டமினும் செய்கிற வேலை. ஒரு அங்குலச் சவ்வைச் சுட்டால் அது மாறாது. அதனால் சிலருக்கு ஓரிரு வருடத்தில் சவ்வு மறுபடி தடிக்கும். மறுபடி செய்யவும் முடியும். ஆனால் ஒவ்வொரு முறையும் தூசியைத் தள்ளும் நுண் ரோமங்கள் கொஞ்சம் போகும், மூக்கு வறளும்.

"மருந்துக்குக் கேட்கவில்லை" என்று எப்போது சொல்லலாம்? ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை ஒரு நாள்கூட விடாமல், சரியான முறையில், ஒரு மாதமாவது போட்ட பிறகு. அது அடித்த உடனே திறக்கிற மருந்து அல்ல. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். வேண்டிய அன்று மட்டும் போட்டால் முழுப் பலன் கிடைக்காது.

அரூர்க்காரன்

டாக்டர், எல்லாம் சரி. ஆனா நடைமுறையில வருஷக்கணக்கா ஸ்ப்ரே போட்டுக்கிட்டு இருக்கறதுக்கு ஒரு தடவை லேசர் பண்ணிட்டுப் போறது மேல்தானே? ஸ்டீராய்டு வேற. உடம்பு ஊதிடாதா?

காது_மூக்கு_தொண்டை

ஊதாது. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை மூக்கோடு நிற்பவை, ரத்தத்தில் கலப்பது மிகமிகக் குறைவு. வரக்கூடிய தொல்லை சிறு ரத்தக் கசிவு. அதுவும் பெரும்பாலும் ஸ்ப்ரேயை இரண்டு துளைகளையும் பிரிக்கும் நடுத்தண்டை நோக்கி அடிப்பதால். உங்களுக்கு லேசர் ஒத்துவந்தது மகிழ்ச்சி. நீங்கள் அதற்கு ஏற்ற ஆளாக இருந்திருக்கலாம்.

மருந்துக்கடை_காவேரிப்பட்டினம்

ஸ்ப்ரே அடிக்கிற முறையை நான் கவுன்டர்லயே செஞ்சு காட்டுவேன், இங்க எழுதறேன். பத்துல ஒன்பது பேர் அண்ணாந்து பார்த்து அடிச்சு, "சர்"ருன்னு உறிஞ்சறாங்க. மருந்து நேரா தொண்டைக்குப் போயிடுது, வாயில கசக்குது.

முதல்ல உப்புத் தண்ணி விட்டுச் சிந்திடுங்க. பாட்டிலைக் குலுக்குங்க. தலையைக் கொஞ்சம் முன்னாடி குனிஞ்சு, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. கை மாறினா முனை தானா வெளிச் சுவர் பக்கம், அதாவது காது பக்கம் திரும்பிடும். அடிக்கும்போது மெல்ல மூச்சு இழுத்தா போதும். அடிச்ச உடனே சிந்தாதீங்க.

சொட்டு மருந்தை விடறதுக்கு ஒரு வழி: ஸ்ப்ரேயைத் தினமும் ஆரம்பிச்சுட்டு, முதல்ல ஒரு மூக்குக்கு மட்டும் சொட்டை நிறுத்துங்க. அந்தப் பக்கம் சில நாள் அடைச்சே கிடக்கும், இன்னொரு பக்கத்துல மூச்சு விட்டுக்கலாம். அது தேறினதும் அடுத்த பக்கம். உங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டுப் பண்ணுங்க. அப்புறம் அந்த மான்டிலுகாஸ்ட், தூக்கத்துல கெட்ட கனவு, காரணமில்லாத எரிச்சல், மனச்சோர்வு ஏதாவது இருக்கா? 2020-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதுக்குத்தான் பெட்டி போட்டு எச்சரிக்கை போட வச்சாங்க. வெறும் மூக்கு அலர்ஜிக்கு வேற மருந்து கேட்காதபோதுதான் இது. நம்ம ஊர்ல கடலை மிட்டாய் மாதிரி போகுது.

பட்டுக்கூடு_பாலக்கோடு

கனவு வருதுங்க. அதை நான் கடன் கவலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். டாக்டரைக் கேட்கறேன்.

ஓசூர்_ஷிப்ட்

எங்க கம்பெனியில ட்ரெய்னிங்குக்கு ஜப்பான் போய்ட்டு வந்த ஒருத்தர் சொன்னார், அங்க இந்த லேசர் பல் பிடுங்கற மாதிரி சாதாரணமாம். கிளினிக்லயே பண்ணிட்டு ஆபீஸ் போயிடறாங்களாம். அங்க அவ்வளவு நம்பிப் பண்றப்ப இங்க ஏன் இவ்வளவு தயக்கம்?

காது_மூக்கு_தொண்டை

உண்மைதான், ஜப்பானில் பரவலாகச் செய்கிறார்கள். ஆனால் அங்கே பலருக்குச் சிக்கல் சுகி என்ற ஒரே மரத்தின் மகரந்தம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலை மலையாக நட்டுவிட்டார்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பறக்கும். அதற்கு முன் குளிர்காலத்தில் லேசர் செய்துகொண்டால் அந்தப் பருவத்தை ஒப்பேற்றிவிடலாம். அடுத்த வருடமோ அதற்கு அடுத்ததோ வேண்டுமானால் மறுபடி. அவர்கள் நிரந்தரத் தீர்வாக நினைத்துப் போவதில்லை.

நம் பக்கத்தில் பெரும்பாலும் வீட்டுத் தூசிச் சிற்றுண்ணி, கரப்பான், பூஞ்சை, பார்த்தீனியம், சீமைக்கருவேலம், புல் மகரந்தம். பல பேருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். சிற்றுண்ணிக்குப் பருவமே கிடையாது, தலையணையில் பன்னிரண்டு மாதமும் இருக்கும்.

ஓ_டி_ஸ்டாஃப்

நான் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், ஊர் தருமபுரி, வேலை வேற ஊர்ல. லேசர் பண்றதா முடிவானா இதைக் கவனிங்க. உங்க கண்ணுக்கு ஈரத்துணியோ கண்ணாடியோ போடறாங்களா? அந்த அலை நீளத்துக்குன்னே கண்ணாடி தனியா இருக்கு, பச்சை லேசருக்கான கண்ணாடி டயோடுக்கு ஆகாது. புகையை உறிஞ்ச ஒரு குழாய் மூக்கு ஓரமா இருக்கணும். மரப்பு ஊசி மட்டும் போட்டுப் பண்ணும்போது ஆக்சிஜனைத் திறந்து வச்சுக்கிட்டு லேசர் அடிக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

இன்னொண்ணு. "லேசர்"ங்கற பேருக்கு ஒரு மவுசு இருக்கு. போர்டுல லேசர்னு போட்டா கூட்டம் வரும். இதே வேலையை ரேடியோ அலை ஊசியாலும் பண்ணலாம், மைக்ரோடிபிரைடர்னு சுத்தற கத்தியாலும் பண்ணலாம். அந்த ரெண்டுலயும் மேல் சவ்வை விட்டுட்டு உள்ளே இருக்கற திசுவை மட்டும் குறைக்க முடியும். அதனால பொருக்கு கம்மி.

தேன்கனி_மலர்

இதைத்தான் நான் கேட்கறேன். வாங்கின மெஷினுக்குத் தவணை கட்டறதுக்கு என் மூக்குதான் கிடைச்சுதா?

அரூர்க்காரன்

அம்மணி, ஒரு இடத்துல ஏமாந்தீங்கன்னா எல்லா டாக்டரையும் ஒரே தட்டுல போடாதீங்க. எனக்குப் பண்ணினவர் முதல்ல மூணு மாசம் மருந்து கொடுத்துப் பார்த்துட்டு, அப்புறம்தான் பண்ணினார்.

தேன்கனி_மலர்

அண்ணே, உங்களுக்கு மூணு மாசம் பார்த்தாங்க, எனக்கு மூணு நிமிஷம் பார்த்தாங்க. நம்ம ரெண்டு பேரோட சண்டையே அங்கதான் இருக்கு, லேசர்ல இல்ல.

காது_மூக்கு_தொண்டை

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்த முறை நீண்ட நாள் நிற்கும் என்பதற்கு இத்தாலியில் 382 பேரை வைத்து ஒரு ஒப்பீடு நடந்தது, 2003-ல் வெளியானது. டர்பினேட்டை வெட்டி எடுப்பது, லேசர், மின்சாரச் சூடு, உறைய வைப்பது, சவ்வுக்கு அடியில் மட்டும் குறைப்பது என்று ஆளுக்கொரு முறை. ஆறு வருடம் தொடர்ந்து பார்த்ததில், சவ்வைக் காப்பாற்றி அடியில் குறைத்து, எலும்பைக் கொஞ்சம் வெளிப்பக்கம் ஒதுக்கி வைத்த முறைதான் முன்னால் நின்றது. லேசர் முதலில் நன்றாக இருந்து பிறகு சரிந்தது. ஆனால் லேசர் வெளி நோயாளியாகவே செய்யக் கூடியது, ரத்தப் போக்கு குறைவு. முழு மயக்கம் தாங்காதவர்களுக்கு இன்றும் அது நல்ல வழி.

முழு டர்பினேட்டையும் வெட்டி எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் இன்னொருவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். மூக்கு குகை போலத் திறந்து கிடக்கும், ஆனால் மூச்சே போகவில்லை என்று தவிக்கிற நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். காற்று உரசிப் போவதை உணரும் நரம்பு அந்தச் சவ்வில்தான் இருக்கிறது. அது போனபின் திருப்பி வைக்க முடியாது.

ராயக்கோட்டை_லட்சுமி

நடுவுல கேட்கறதுக்கு மன்னிச்சுக்கங்க. எனக்கு அடைப்பே இல்ல, தும்மலும் இல்ல. தண்ணி மட்டும் ஊத்தும். காரக்குழம்பு சாப்பிட்டா ஊத்தும், பனிக்காத்து பட்டா ஊத்தும், ஊதுபத்தி வாசனைக்கு ஊத்தும். கல்யாண வீட்டுப் பந்தியில உட்கார வெட்கமா இருக்கு. அலர்ஜி டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு. எனக்கும் லேசரா?

காது_மூக்கு_தொண்டை

அம்மா, உங்களுக்கு அலர்ஜி இல்லாத வகையாக இருக்கலாம். மூக்கு நரம்பு சின்னத் தூண்டுதலுக்கும் சுரப்பியைத் திறந்துவிடுகிறது. லெவோசிட்ரிசின் வகை மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது. இப்ராட்ரோப்பியம் என்ற ஸ்ப்ரே ஒழுகலைக் குறைக்கும், சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் அடங்காவிட்டால் மூக்கின் பின்பக்கம் சுரப்பிகளுக்குப் போகும் நரம்பை உறையவைத்தோ சூடாக்கியோ வெட்டியோ செயலிழக்கச் செய்யும் முறைகள் உண்டு. 1960-களில் இதற்கே விடியன் நரம்பை வெட்டினார்கள். ஒழுகல் நின்றது, கண்ணீரும் சேர்ந்து நின்று கண் வறண்டது. இப்போது இன்னும் தள்ளி, மூக்குக்கு மட்டும் போகிற கிளையைத் தொடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு பக்கம் மட்டும், குனிந்தால் சொட்டுச் சொட்டாகத் தெளிந்த நீர் விழுந்தால், அது மூளையைச் சுற்றிய நீராக இருக்கலாம். தாமதிக்காமல் காட்ட வேண்டும். அதேபோல ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அதோடு ரத்தம் என்றால் அதை அலர்ஜி என்று விட்டுவிடாதீர்கள்.

ராயக்கோட்டை_லட்சுமி

ரெண்டு பக்கமும்தான் டாக்டர். நன்றி. தாளிக்கிறப்ப கூட மூக்குல துணி வச்சுக்கிட்டு இருந்தவ நான்.

பர்கூர்_அம்மா

என் மகனுக்கு ஒன்பது வயசு. வாயைத் திறந்தே தூங்கறான், குறட்டை. லேசர் பண்ணலாமா?

காது_மூக்கு_தொண்டை

இந்த வயதில் முதலில் பார்க்க வேண்டியது மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு. லேசர் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். குழந்தையை நேரில் காட்டுங்கள்.

கல்பட்டறை_கிருஷ்ணகிரி

கிரானைட் பாலிஷ் பட்டறையில வேலை. எனக்கும் லேசர் சொன்னாங்க. பண்ணிட்டு மறுநாளே வேலைக்குப் போலாமான்னு கேட்டேன், தூசியில நிக்கிறவன் பொருக்கு ஆறுற வரைக்கும் போகக் கூடாதுன்னுட்டாங்க. முதலாளி அவ்வளவு நாள் லீவு தரமாட்டார். இப்ப தண்ணி ஊத்தி அறுக்கறோம், நல்ல மாஸ்க் போடறேன். துண்டு கட்டறது சும்மா. மூக்கு பாதி தேறிடுச்சு. மூக்கை விடுங்க, அந்தத் தூசி நெஞ்சுக்குப் போனா சிலிக்கோசிஸ், அதுக்கு லேசரும் கிடையாது ஒண்ணும் கிடையாது.

பென்னாகரம்_புழுமனை

பாலக்கோடு அண்ணா, நானும் பட்டுப்புழுக்காரன்தான். இவ்வளவு நேரம் யாரும் உங்க தொழிலைப் பத்தி வாயே திறக்கலையேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.

புழு மனையில என்னல்லாம் பறக்குதுன்னு யோசிங்க. புழு தோலுரிக்கற நேரத்துல அதோட படுக்கை காயணும்னு சுண்ணாம்புத் தூள் தூவறோம். நோய் வராம இருக்க மருந்துத் தூள் தூவறோம். ஒரு பயிர், அதாவது ஒரு தடவைப் புழு வளர்ப்பு, முடிஞ்சா பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவறோம். படுக்கை மாத்தறப்ப காஞ்ச இலைச்சருகு, புழுப் புழுக்கை, உரிஞ்ச தோல் எல்லாம் மாவு மாதிரி எழும்பும். கூடு அறுக்கும்போது மேல் பஞ்சு மூக்குக்குள்ள போகும். என் மூக்கு அறுவடை வாரத்துல தக்காளிப் பழமா இருக்கும், தருமபுரி கூடு மார்க்கெட்டுல ஏலத்துக்கு நிக்கும்போது தும்மாத நாளே இல்ல.

உங்களுக்குப் பயிர் இல்லாத நாள்ல எப்படி இருக்கு? மனை வீட்டோட ஒட்டியிருக்கா?

பட்டுக்கூடு_பாலக்கோடு

ஒட்டித்தான் இருக்குங்க. படுக்கற ரூமுக்கும் மனைக்கும் ஒரு கதவுதான். ராத்திரி இலை போட வசதியா இருக்கும்னு அப்படிக் கட்டினோம். புழு கூடு கட்டற பழைய சந்திரிகைத் தட்டெல்லாம் படுக்கற ரூம் பரண்லதான் அடுக்கி வச்சிருக்கேன். ஃபேன் போட்டா அதுல இருந்து பஞ்சு பறக்கும். பயிர் இல்லாத நாள்ல கொஞ்சம் பரவாயில்ல, ஆனா முழுசா விடறதில்ல.

பென்னாகரம்_புழுமனை

பரண்ல சந்திரிகையா! அண்ணா, இன்னைக்கே இறக்குங்க. வெயில்ல காய வச்சு, மனைக்குள்ளயே ஒரு மூலையில வையுங்க. அந்த நடுக்கதவை அடைச்சுட்டு வெளிப்பக்கமா வாசல் வையுங்க. மனைக்குன்னு ஒரு சட்டை லுங்கி, வெளிய வந்ததும் கழட்டிடணும். தூள் தூவறப்ப என்-95 மாஸ்க். கூட்டறதுக்கு முன்னாடி தரையில தண்ணி தெளிச்சுடுங்க. தூவறதையும் கூடு அறுக்கறதையும் முடிஞ்சா வேற ஆளை வச்சுப் பண்ணுங்க. நான் இதெல்லாம் ஆரம்பிச்ச பிறகுதான் ஸ்ப்ரேவே எனக்கு வேலை செய்ய ஆரம்பிச்சுது.

காது_மூக்கு_தொண்டை

புழுமனை நண்பர் என் வேலையைப் பாதி செய்துவிட்டார். பட்டுப்புழு வளர்ப்பிலும் நூல் இழுக்கும் இடங்களிலும் மூக்கு, மூச்சுக்குழாய் அலர்ஜி வருவது மருத்துவ இலக்கியத்தில் பதிவான ஒன்று. சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் அலர்ஜி இல்லாதவர் மூக்கையே எரிக்கும். இவற்றுக்கு நடுவில் இருந்துகொண்டு லேசர் செய்தால், புண் ஆறும்போதே மறுபடி வீங்கும்.

பாலக்கோடு நண்பருக்கு நான் சொல்லும் வரிசை: சொட்டு மருந்தை விடுவது, ஸ்ப்ரேயைத் தினமும் போடுவது, படுக்கையறையை மாற்றுவது, தோல் ஊசிக் குத்துப் பரிசோதனை. மொத்த ஐ.ஜி.இ. மட்டும் பார்த்தால் அலர்ஜி இருக்கலாம் என்றுதான் தெரியும், எதற்கு என்று தெரியாது. சிற்றுண்ணி போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் என்று வந்தால் அலர்ஜித் தடுப்பு ஊசியோ நாக்கடிச் சொட்டோ மூன்றிலிருந்து ஐந்து வருடம் எடுக்கலாம். அலர்ஜியின் போக்கையே மாற்றக் கூடியது அது ஒன்றுதான். இவ்வளவுக்கும் பிறகு அடைப்பு மட்டும் மிஞ்சினால், ஸ்கேன் எடுத்து நடுத்தண்டு வளைவு இல்லை என்று பார்த்துவிட்டு, டர்பினேட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் சொட்டு போட்டவர்களில் சிலருக்குச் சவ்வு நிரந்தரமாகவே தடித்திருக்கும், அவர்களுக்கு அது தேவைப்படும்.

ஓசூர்_ஷிப்ட்

இன்சூரன்ஸ் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான பாலிசியில மூக்கு, சைனஸ் ஆபரேஷனுக்கெல்லாம் ரெண்டு வருஷக் காத்திருப்பு இருக்கும். லேசர் பண்ணணும்னு தோணின பிறகு பாலிசி எடுத்தா பைசா வராது. அப்புறம் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கு, முதல்ல அங்க ஒரு தடவை காட்டலாமே? கிருஷ்ணகிரிக்காரங்களுக்கும் இப்ப சொந்தமாவே மருத்துவக் கல்லூரி வந்தாச்சு.

பட்டுக்கூடு_பாலக்கோடு

எல்லாருக்கும் நன்றிங்க. சேலத்துக்கு ஃபோன் பண்ணி, கொடுத்த தேதி இப்ப வேண்டாம்னு சொல்லிட்டேன். சந்திரிகையை இறக்கியாச்சு. வீட்டுக்காரம்மா பரணைத் துடைச்சுட்டு வந்து காட்டின துணியைப் பார்க்கணும் நீங்க. நடுக்கதவுக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கேன். இடது மூக்குல சொட்டு நிறுத்தினேன், ரெண்டு ராத்திரியா நரகம். இந்தப் பயிர் கூடு அறுத்து மார்க்கெட் போட்டதும் தருமபுரி போய் டெஸ்ட் எடுக்கறேன்.

மாத்திரையை டெஸ்ட் அன்னிக்குக் காலையில போட்டுக்கலாமா?

மருந்துக்கடை_காவேரிப்பட்டினம்

போடக் கூடாதுங்க. லெவோசிட்ரிசின் உடம்புல இருந்தா ஊசி குத்தின இடம் தடிக்கவே தடிக்காது, எல்லாம் இல்லன்னு வந்துடும். ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க, தேதி வாங்கும்போதே கேட்டுக்கங்க. சளி, இருமல் டானிக்லயும் அதே வகை மருந்து இருக்கும், அதையும் தொடாதீங்க. ஸ்ப்ரே மட்டும் விடாம போட்டுக்கிட்டே போகலாம், அது டெஸ்ட்டைக் கெடுக்காது.